ஏழு பெட்டிகளும் ஒரு சிவப்புத் துண்டும்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாத முற்பகலில் நடந்தது இது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஆறுமுகநேரி வருவதற்கு முன்னாலேயே உள்ளே திரும்பினால் உப்பளங்களுக்கு நடுவே ஒரு உப்புக் கழுவும் ஆலை. அளத்திலிருந்து வரும் அழுக்கு உப்பைக் கழுவி வெள்ளையாக்கித் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அந்த ஆலையின் இயந்திரங்களைத் தானாக இயங்கும்படி மாற்றிக் கொடுக்கும் வேலை எங்கள் சின்ன நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. பொறுப்பு இன்ஜினீயர் நான்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாக் டயக்ராம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒரு பெரிய இயந்திர அமைப்பைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, எது எதைத் தூண்டுகிறது என்று அம்புக்குறி போட்டு ஒரே தாளில் காட்டும் படம்தான் அது. கல்லூரியில் எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இருந்தது நான் போட்ட படம். கோடு இன்னொரு கோட்டை வெட்டக் கூடாது, அம்பு இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டும், பெட்டிக்குள் மூன்று வார்த்தைக்கு மேல் கூடாது என்று எனக்கு நானே சட்டம் வைத்திருந்தேன். யாராவது வளைந்து நெளிந்த கோடுகளோடு ஒரு படத்தைக் காட்டினால் முகத்தைச் சுளிப்பேன். உடன்குடியில் அப்பாவின் கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்தால்கூட, சிப்பங்களை நேர்க்கோட்டில் அடுக்கி வைத்து எல்லோருடைய வாயிலும் விழுவேன்.

அந்த ஆலையில் முக்கியமான இயந்திரம் ஒரு பெரிய இரும்புத் திருகு. ஆள் உயரத்துக்கு ஆழமும் லாரி நீளமும் உள்ள ஒரு பள்ளத்துக்குள் அது படுத்திருக்கும். உப்புத்தண்ணீர் டேங்க் நிறைந்ததும் பள்ளத்துக்குள் தண்ணீர் விடுவார்கள். திருகு சுழன்று உப்பைக் கழுவிக் கழுவி மேலே தள்ளும். அதை ஓட்டவும் நிறுத்தவும் பக்கத்திலேயே ஒரு பழைய பேனலும், அதில் கை நீளத்துக்கு ஒரு லீவரும் இருந்தன. அந்த லீவரில் நிற்பது ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும். பன்னிரண்டு வருடமாக அவர் வேலையே அதுதான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. திருகில் உப்புக் கட்டி இறுகிக்கொண்டால் யாராவது பள்ளத்தில் இறங்கி உடைத்துத் தள்ள வேண்டும். இறங்குகிறவர் தன் தலையில் இருக்கும் துண்டை அவிழ்த்து அந்த லீவரில் கட்டிவிட்டுத்தான் இறங்குவார். கட்டியவர் தவிர வேறு யாரும் அதை அவிழ்க்கக் கூடாது. முதலாளியே வந்து சொன்னாலும் கூடாது. ஒரு தடவை அந்த ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் அண்ணாச்சி துண்டை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். பள்ளம் காலி என்று கண்ணால் பார்த்த பிறகும் ஒருவரும் அதைத் தொடவில்லையாம். பைக்கில் ஆள் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த அவரைக் கூட்டிவந்து அவிழ்க்க வைத்த பிறகுதான் திருகு ஓடியதாம். அக்கா இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கூட வேலை பார்த்த நண்பனிடமும் சொல்லிச் சிரித்தேன். அந்த வழக்கம் எனக்குத் தெரியாது என்று தப்பிக்க முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் புது அமைப்பில் லீவருக்கு வேலையே இல்லை. டேங்க் நிறைந்தால் சென்சார் கண்டுபிடிக்கும், கண்ட்ரோலருக்குச் சொல்லும், கண்ட்ரோலர் மோட்டாரைத் தொடங்கும். புது பேனல், ஆலையின் மறுமுனையில் குளிர்சாதனம் போட்ட ஒரு அறையில் இருந்தது. மோட்டாருக்குப் போகும் மின்கம்பியைப் பழைய பேனலிலிருந்து எடுத்துப் புது பேனலில் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது, அந்த ஒரு வாரமும் திருகு ஓடவில்லை. பழைய பேனலைப் பிறகு கழற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டிருந்தோம். பார்க்க எல்லாம் பழையபடியே இருந்தது. லீவர் மேலே ஏறும், கீழே இறங்கும். ஆனால் அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

நான் முதலில் போட்ட படத்தில் பழைய பேனலுக்கும் ஒரு பெட்டி இருந்தது. புள்ளிக்கோட்டில் போட்டு, இனி இணைப்பு இல்லை என்று எழுதியிருந்தேன். அது இருந்ததால் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டின. ஆலை மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, பார்த்த உடனே புரிகிற மாதிரி வேண்டும், இல்லாத பேனலை எதற்குக் காட்டுகிறீர்கள் என்றார். எனக்கும் அந்த வெட்டுக் கோடு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. சந்தோஷமாக அழித்துவிட்டேன். ஏழு பெட்டிகள், ஆறு அம்புகள், ஒரே நேர்க்கோடு. அவ்வளவு அழகாக அதற்கு முன் நான் ஒரு படம் போட்டதில்லை.

அதை ஃப்ளெக்ஸ் பேனராகவே அடித்துவிட்டோம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பேனர் அடிக்கும் கடைதான். மூலையில் இரண்டு தாமரைப்பூ போடவா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி வாங்கிவந்து, அன்று காலை பழைய பேனலுக்கு மேலே சுவரில் கட்டினேன்.

அன்றுதான் முதல் ட்ரையல். பதினொரு மணிக்கு மேனேஜர் வருவதாக ஏற்பாடு. நண்பன் புது அறையில் கண்ட்ரோலரைத் தானாக இயங்கும்படி ஆட்டோவில் போட்டுவிட்டு, பத்தரை மணிக்கு டேங்க்குக்குத் தண்ணீர் திறந்துவிட்டான். அது நிறைவதற்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். சரியாக மேனேஜர் வந்து நிற்கும்போது திருகு தானாகச் சுழல வேண்டும் என்பது எங்கள் கணக்கு. பள்ளத்தின் பக்கத்தில் மாட்ட வேண்டிய அவசர நிறுத்த பட்டனும், ஓடுவதற்கு முன்னால் அலறும் ஹாரனும் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ட்ரையல் முடிந்ததும் மாட்டலாம் என்று புது அறையில் மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டியோடு வைத்திருந்தோம். வைத்திருந்தோம் என்ன, நான்தான் வைக்கச் சொன்னேன்.

மேனேஜர் வருவதற்குள் நேரம் இருந்ததால், அங்கே வேலை பார்க்கும் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டுப் படத்தை விளக்கினேன். ஒரு குச்சியை வைத்துப் பெட்டி பெட்டியாகச் சொன்னேன். டேங்க் நிறையும், சென்சார் பார்க்கும், மோட்டார் ஓடும், உப்பு வெளியே வரும். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன்.

யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் கலைந்து போன பிறகு லீவர் அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யம்மா, இதுல நான் எங்கன இருக்கேன்?"

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். வேலை எங்கேயும் போகாது, வேறு இடத்தில் போடுவார்கள், இனிமேல் நீங்கள் இந்த லீவரைத் தொடவே வேண்டாம் என்று ஆறுதல் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. லீவர் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"தானா ஓடும்னு சொல்லுதிய. அப்போ துண்டு கெடக்கத அது பாக்குமா?"

திரும்பிப் பார்த்தேன். நான் கட்டிய ஃப்ளெக்ஸின் கீழ் ஓரம் லீவரை மறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கினேன். லீவரில் ஒரு சிவப்புத் துண்டு, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

யார் உள்ளே என்று கேட்டேன். பிட்டர் அண்ணாச்சி என்றார். பெரிய ஆள் எல்லாம் பார்க்க வருகிறார்கள், பள்ளத்தின் மறுமுனையில் ஒரு கட்டி இறுகியிருக்கிறது, உடைத்துவிடுகிறேன் என்று இறங்கினாராம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது. ஏன் சொல்ல வேண்டும்? துண்டைக் கட்டிவிட்டார். அந்த ஆலையில் அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

மணியைப் பார்த்தேன். பத்து ஐம்பத்தாறு.

பங்குனி வெயிலில், உப்பு வெள்ளை கண்ணைக் குத்தும் இடத்தில், எனக்குப் பல் கிட்டியது. பள்ளத்தின் அந்த முனைக்கு ஏணியேறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பக்கத்தில் சலிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தினால் அவருக்குக் கேட்காது. போய் அவரை வெளியே இழுப்பதற்குள் திருகு சுழல ஆரம்பித்துவிட்டால்? நண்பனுக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மேனேஜரை வரவேற்க கேட்டுக்குப் போயிருந்தான் என்று பிறகு தெரிந்தது. எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே நிறுத்தும் பட்டன் புது அறையில் இருந்தது. ஓடினேன்.

நூற்றைம்பது அடி தூரம் இருக்கலாம். எனக்கு அது முடியவே இல்லை. உப்புக் குவியலுக்கு நடுவே குறுக்கு வழியில் ஓடி, சேறும் உப்புமாக இருந்த இடத்தில் கால் வழுக்கி விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. அந்தச் சமயத்தில் வலிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன். அந்தத் திருகு தொடங்கும்போது முதலில் ஒரு முனகல் கேட்கும், பிறகுதான் சுழலும். அந்த முனகல் எந்த நொடியும் முதுகுக்குப் பின்னாலிருந்து வரப் போகிறது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அந்த அண்ணாச்சிக்கு இரண்டு பெண்கள், மூத்தவளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது என்று முந்தின நாள்தான் அவர் சொல்லியிருந்தார். அது ஏன் அப்போது ஞாபகம் வர வேண்டும் என்று என் மேலேயே கோபம் வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு போய் அந்தச் சிவப்பு பட்டனை உள்ளங்கையால் அடித்தேன். பிறகும் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றேன். திரையில் டேங்க்கின் அளவு தெரிந்தது. சென்சார் பார்க்கும் கோட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே நின்றது தண்ணீர். மூச்சு வாங்கிக்கொண்டே பார்க்கிறேன், அது ஏறவே இல்லை. தண்ணீர் திறந்தேதான் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை. எனக்குப் புரியவில்லை.

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டித்துவிட்டுத் திரும்ப ஓடினேன். அங்கே டேங்க்கின் ஏணியில், தலையிலிருந்து கால்வரை உப்புத்தண்ணீரில் நனைந்து, லீவர் அக்கா நின்றுகொண்டிருந்தார். டேங்க்குக்குள் போட்டிருந்த தடித்த ஹோஸ் பைப்பை வெளியே இழுத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தார். தண்ணீர் முழுவதும் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டிட்டியளா?" என்று கேட்டார். நிறுத்திவிட்டேன் என்றேன். அதற்குப் பிறகுதான் பைப்பைக் கீழே போட்டார்.

உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விநோதமாக இருந்திருக்க வேண்டும். சுவரிலிருந்த படத்தைக் காட்டினார்.

"நீங்கதானே சொன்னிய, டேங்கு நெறஞ்சாத்தான் ஓடும்னு. நெறயலன்னா ஓடாதுல்லா."

படம் போட்ட நான் கடைசிப் பெட்டிகளைத் தேடிக்கொண்டு நூற்றைம்பது அடி ஓடினேன். அந்தப் படத்தில் இடமே கொடுக்கப்படாத அவர், முதல் பெட்டிக்குப் போய் அதை நிறுத்தினார். பன்னிரண்டு அடி தூரம்கூட இல்லை. பிறகு நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் பைப்பை இழுத்திருக்காவிட்டால் நான் சேற்றில் விழுந்து எழுந்த நேரத்திலேயே டேங்க் நிறைந்திருக்கும்.

இதற்கெல்லாம் நடுவில் பிட்டர் அண்ணாச்சி கடப்பாரையோடு ஏணியில் ஏறி வெளியே வந்தார். புருவம்வரை உப்புத்தூள். நேராக லீவருக்குப் போய்த் துண்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ட்ரையல் ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. அப்போதுதான் முழங்காலில் உப்புப் பட்டு எரிவதும் தெரிந்தது. அக்காதான் நடந்ததை அவரிடம் சொன்னார். அவர் பள்ளத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த மூட்டையில் உட்கார்ந்தார். துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நண்பனும் மேனேஜரும் வந்தார்கள். நடந்ததைக் கேட்ட மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை, இதைப் பெரிதாக்க வேண்டாம், யாராவது கேட்டால் லீவர் பழுது என்று சொல்லிக்கொள்ளலாம், மதியத்துக்கு மேல் ட்ரையலை வைத்துக்கொள்ளலாம் என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

அதற்குள் அண்ணாச்சி எழுந்து புது பேனல் அறையை நோக்கி நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். அவர் அந்த அறைக்குள் அதுவரை வந்ததே இல்லை. பேனலின் வழவழப்பான கதவைத் தடவிப் பார்த்தார். மேலே கண்ணாடித் திரை, கீழே உள்ளங்கை அளவு பட்டன், வேறொன்றும் இல்லை. கையிலிருந்த துண்டை அங்கே இங்கே வைத்துப் பார்த்தார்.

"இதுல துண்ட எங்கன கட்டுறது மேடம்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. இடம் தெரியாமல் நிஜமாகவே கேட்டார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

மேனேஜர் பக்கம் திரும்பி, லீவர் பழுது இல்லை, என் படம்தான் தப்பு, எடுத்துக்காட்ட வேண்டியதை நான்தான் அழித்தேன், இன்று ட்ரையல் கிடையாது என்றேன். அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததற்காக இன்றுவரை அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. "மொதல்ல அத மாட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மேஜைக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியை அவர் எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை.

மறு வாரம் ட்ரையல் நடந்தது. அதற்குள் பள்ளத்தின் ஓரத்திலேயே ஒரு கைப்பிடி வைத்தோம். அதைக் கீழே இறக்கினால், கண்ட்ரோலர் என்ன சொன்னாலும் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. பூட்டுப் போட ஓட்டையும் வைத்து, ஆளுக்கொரு பூட்டும் கொடுத்தோம். பூட்டையும் போடுகிறார்கள், அதற்கு மேல் துண்டையும் கட்டுகிறார்கள். ஹாரனும் பட்டனும் மாட்டிய பிறகு, முதல் தடவை எல்லாவற்றையும் இயக்கிப் பார்க்கச் சொன்னது அந்த அக்காவைத்தான். கைப்பிடியை இறக்கிவிட்டு டேங்க்கை நிரப்பச் சொன்னார். நிறைந்தது, ஹாரன் அலறியது, திருகு அசையவில்லை. மூன்று தடவை அப்படியே செய்து பார்த்த பிறகுதான் தலையாட்டினார்.

ஃப்ளெக்ஸைக் கழற்றவில்லை. அதிலேயே மார்க்கரால் எட்டாவது பெட்டி ஒன்றை வரைந்தேன். அதன் கோடு இரண்டு அம்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. பெட்டிக்குள் துண்டு என்று எழுதினேன். பார்க்கக் கோணலாகத்தான் இருந்தது. அலுவலகத்துக்கு அனுப்பிய பிரதியில் அந்த வார்த்தையை மாற்றச் சொன்னார்கள். வார்த்தையை மாற்றினேன், பெட்டியை எடுக்கவில்லை.

இப்போது எந்தப் படம் போட்டாலும், அதை அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரிடம் கொண்டுபோய்க் காட்டி, இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். சில பேர் சிரிக்கிறார்கள். பெரும்பாலும் எங்கேயோ ஒரு பெட்டி விட்டுப்போயிருக்கிறது. இன்றைக்கும் யாராவது என் படத்தைப் பார்த்து, எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினால், எனக்கு முதலில் சந்தோஷம் வருவதில்லை. இதில் நான் யாரை அழித்தேன் என்ற பயம்தான் வருகிறது.